ஏரிப் பூதமும் சந்தை எலியும்

ஏரிகளில் உலவுவதாகச் சொல்லப்படும் பூதங்களைப் பற்றியும், இதுவரை அறிவியல் பதிவேட்டில் ஏறாத விலங்குகளைத் தேடும் முறைகளைப் பற்றியும் வாசகர்கள் கேட்டவையும் அவற்றுக்கான பதில்களும்.

கேள்வி: ஸ்காட்லாந்தின் நெஸ் ஏரியில் ‘நெஸ்ஸி’ என்ற பூதத்தை 1,500 ஆண்டுகளாக மக்கள் பார்த்துவருகிறார்கள் என்று படித்தேன். உண்மையா?

பதில்: அந்தக் கணக்கு ஒரே ஒரு குறிப்பை நம்பி நிற்கிறது. 6ஆம் நூற்றாண்டில் புனித கொலம்பா ஒரு நீர்விலங்கை அதட்டி விரட்டினார் என்று அவருடைய சரிதத்தில் வருகிறது. அதை எழுதிய அடோம்னான் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு பிந்தியவர். சம்பவம் நடந்ததாக அவர் சொல்வதும் ஏரியில் அல்ல, நெஸ் ஆற்றில். மகான்கள் கொடிய விலங்குகளை அடக்குவது அக்காலப் புனிதர் சரிதங்களில் திரும்பத் திரும்ப வரும் காட்சி.

இன்று நாம் அறிந்த நெஸ்ஸி 1933இல் பிறந்தது. அந்த ஆண்டு மே 2 அன்று ‘இன்வர்னெஸ் கூரியர்’ இதழில், ஏரியில் பெரிய ஏதோ ஒன்று புரண்டதைப் பார்த்ததாக ஒரு செய்தி வந்தது. ஏரியின் கரையோரச் சாலையைச் செப்பனிட்டுக்கொண்டிருந்த காலமும் அதுவே. அதே ஆண்டு டிசம்பரில் ‘டெய்லி மெயில்’ அனுப்பிய வேட்டைக்காரர் மார்மடூக் வெதரெல் கரையில் காலடித் தடங்களைக் ‘கண்டுபிடித்தார்’. அச்செடுத்து ஆராய்ந்தபோது அவை நீர்யானையின் பாடம் செய்த ஒற்றைக் காலால் பதித்தவை என்று தெரிந்தது. 1934 ஏப்ரலில் அதே நாளிதழில் வந்த, நீண்ட கழுத்தும் சிறு தலையும் கொண்ட புகழ்பெற்ற படத்தின் பின்னணியிலும் அவரே இருந்தார். பொம்மை நீர்மூழ்கிக் கப்பல் ஒன்றின் மேல் கழுத்தையும் தலையையும் செய்து பொருத்தியவர் அவருடைய மாற்று மகன், அதாவது மனைவியின் மகன். இது வெளியுலகுக்குப் பரவலாகத் தெரிந்தது 1994இல். ஆனால் அதற்கு முன்பே சந்தேகப்பட இடம் இருந்தது. வெட்டாத முழுப் படத்தைப் பார்த்தால் உருவத்தைச் சுற்றியுள்ள சிற்றலைகள் தெரியும். அந்த அலைகளோடு ஒப்பிட்டாலே உருவம் சின்னது என்று புரிந்துவிடும். செய்தித்தாளில் வந்ததோ ஓரங்களை வெட்டிய படம்.

கேள்வி: அத்தனை பேர் பார்த்திருக்கிறார்களே, எல்லோரும் பொய்யர்களா?

பதில்: பெரும்பாலோர் பொய் சொல்லவில்லை. அவர்கள் எதையோ பார்த்தார்கள். பார்த்த பொருளின் தூரத்தைத்தான் தவறாகக் கணித்தார்கள். வெறும் நீர்ப்பரப்பில் மரமோ வீடோ மனிதரோ இல்லாதபோது, ஒன்று எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்று கண்ணால் சொல்ல இயலாது. தூரம் பிழைத்தால் அளவும் அதே விகிதத்தில் பிழைக்கும். 50 மீட்டரில் நீந்தும் நீர்க்காகத்தை 500 மீட்டரில் இருப்பதாக நினைத்தால், அதன் கழுத்து பத்து மடங்கு நீளமாகிவிடும்.

அடுத்த குற்றவாளி படகு. நெஸ் ஏரி 36 கி.மீ.க்கும் மேல் நீளம், சராசரி அகலம் ஒன்றரை கி.மீ.தான். ஓடும் படகு தன் இருபுறமும் ஏறத்தாழ 19.5 டிகிரி கோணத்தில் அலைகளை விரித்துச் செல்லும். கரையிலிருந்து 800 மீட்டர் தள்ளி, விநாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் போகும் படகின் அலை கரையைத் தொடும்போது, படகு நம்மைக் கடந்து ஏழரை நிமிடம் ஆகியிருக்கும், 2 கி.மீ.க்கு மேல் போயிருக்கும். காற்றில்லாத நாளில், படகே கண்ணில் படாத வேளையில், நான்கைந்து கரிய முதுகுகள் வரிசையாக நகர்ந்து வருவதுபோல் அந்த அலை தெரியும். செங்குத்தான கரையில் மோதித் திரும்பும் அலை எதிரே வரும் அலையோடு கூடினால், ஓரிடத்திலேயே மேடுகள் எழுந்து அடங்கும். ‘காற்றே இல்லை, படகே இல்லை, அப்போதுதான் எழுந்தது’ என்று வரும் சாட்சியங்களில் கணிசமானவை இந்த வகை. அமைதியான நாளில்தான் இது நடக்கும் என்பதால், காற்றில்லை என்று சாட்சி அழுத்திச் சொல்லச் சொல்ல அலை என்ற சந்தேகமே வலுக்கிறது.

மீதிக்கு நீந்திக் கடக்கும் மான், வரிசையாக நீந்தும் நீர்நாய்கள், மரக்கட்டை, குளிர்ந்த நீருக்கு மேல் இளஞ்சூடான காற்று நிற்கும்போது சிறிய பொருளைச் செங்குத்தாக இழுத்துக் காட்டும் கானல் ஆகியவை உண்டு.

கேள்வி: நானே அப்படி ஒன்றைப் பார்த்தால் என்ன செய்ய வேண்டும்?

பதில்: முதலில் நேரத்தைக் குறியுங்கள். கடந்த பதினைந்து நிமிடத்தில் எந்தப் படகு எந்தத் திசையில் போனது என்பதையும் குறியுங்கள். நிற்கும் இடத்தில் தரையில் ஓர் அடையாளம் வையுங்கள்; பிறகு அளக்க அதே இடத்துக்குத் திரும்ப வேண்டியிருக்கும்.

கையை முழுதாக நீட்டினால் சுண்டுவிரலின் அகலம் ஏறத்தாழ 1 டிகிரி. உருவம் அதில் எத்தனை பங்கு என்று பாருங்கள். 500 மீட்டரில் 1 டிகிரி என்பது 8.7 மீட்டர், 100 மீட்டரில் 1.7 மீட்டர். ஆகவே தூரம் தெரியாதவரை அந்த டிகிரியை மட்டும் எழுதுங்கள், மீட்டரை எழுதாதீர்கள். கூட ஒருவர் இருந்தால் அவரை 100 மீட்டர் தள்ளி நிறுத்தி, இருவரும் ஒரே நொடியில் திசைகாட்டியில் கோணம் எடுங்கள். அப்போதும் அரைக் கிலோமீட்டரில் உள்ள பொருளுக்கு இரு கோணங்களுக்கும் இடையே 11 டிகிரிதான் வித்தியாசம் வரும். அதில் 2 டிகிரி பிசகினால் தூரம் ஐந்தில் ஒரு பங்கு மாறிவிடும். இடைவெளியை 300 மீட்டராக்கினால் பிழை வெகுவாகக் குறையும்.

படம் எடுக்கும்போது எல்லோரும் செய்யும் தவறு, உருவத்தைத் திரை நிறையப் பெரிதாக்குவது. எதிர்க்கரையும் அடிவானமும் தெரியும்படி ஒன்றிரண்டு படம் எடுத்த பிறகே நெருங்குங்கள். உருவத்தின் அளவு என்பது தூரத்தை சென்சாரில் விழுந்த பிம்பத்தின் அளவால் பெருக்கி, லென்ஸின் குவியத் தூரத்தால் வகுப்பது. 200 மி.மீ. லென்ஸில் பிம்பம் 2 மி.மீ. என்றால், உருவம் 500 மீட்டரில் இருந்தால் 5 மீட்டர், 100 மீட்டரில் இருந்தால் 1 மீட்டர். கைப்பேசியில் விரலால் விரித்துப் பெரிதாக்கி எடுத்த காணொளி இந்தக் கணக்குக்கு உதவாது. செயலி வழியாக அனுப்பிச் சுருங்கிய பிரதியும் உதவாது. மூலக் கோப்பைத் தொடாமல் வையுங்கள். முக்கியமாக, உருவம் மறையும்வரை பதிவை நிறுத்தாதீர்கள். பூதம் பறந்து போவது பெரும்பாலும் கடைசி சில விநாடிகளில்தான்.

கேள்வி: சோனாரில் பெரிய உருவம் பதிவானதாக அவ்வப்போது செய்தி வருகிறதே?

பதில்: சோனார் என்பது நீருக்குள் ஒலியை அனுப்பி, திரும்பும் எதிரொலியைத் திரையில் வரையும் கருவி. அந்தத் திரையை நிழற்படமாக நினைப்பதில்தான் கோளாறு தொடங்குகிறது. சாதாரண மீன்காட்டும் கருவியின் திரையில் மேலிருந்து கீழ் என்பது ஆழம். இடமிருந்து வலம் என்பது நேரம், நீளம் அல்ல. நங்கூரமிட்ட படகின் கீழே ஒரு சாண் மீன் பத்து நிமிடம் நின்றால் திரையில் நீண்ட பாம்பு விழும். மேலும், ஒலி டார்ச் விளக்கின் ஒளிபோல் விரிந்துகொண்டே போகிறது. 20 டிகிரி கற்றை 200 மீட்டர் ஆழத்தில் 70 மீட்டர் விட்டமுள்ள வட்டத்தை மூடும். அந்த வட்டத்துக்குள் எங்கே இருந்தாலும் எதிரொலி ஒரே இடத்தில்தான் வரையப்படும். நெஸ் ஏரியின் பக்கச் சுவர்கள் செங்குத்தானவை. கற்றையின் ஓரம் அதில் பட்டுத் திரும்பினால், நடுநீரில் ஏதோ மிதப்பதாகக் கருவி காட்டும்.

எதிரொலி வலுவாக வந்தால் உடல் பெரிது என்றும் கொள்ள முடியாது. மீனில் ஒலியைத் திருப்புவது பெரும்பாலும் அதன் காற்றுப்பை. அதனால் வாயுக் குமிழிகள் பெரிய உடலைவிட உரக்கப் பேசும். முன்னே போன படகு கிளப்பிய நுண்குமிழிகள் நெடுநேரம் நீரில் நிற்கும். பின்னால் வருபவர் அதைப் பதிவுசெய்து பரவசப்படுவார். கோடையில் மேலே மிதமான நீரும் கீழே குளிர்நீரும் பிரியும் மட்டமும் ஒலியைத் திருப்பும், வளைக்கும்.

1987 அக்டோபரில் ‘ஆபரேஷன் டீப்ஸ்கேன்’ என்ற பெயரில் 20க்கும் மேற்பட்ட படகுகள் வரிசையாக நின்று நெஸ் ஏரியைத் துழாவின. விளக்கம் கிடைக்காத சில எதிரொலிகள் மிஞ்சின. திரும்பப் போய்ப் பார்த்தபோது அங்கே ஒன்றும் இல்லை. 2003இல் பிபிசிக்காக 600 தனித்தனி ஒலிக்கற்றைகளோடு, செயற்கைக்கோள் வழிகாட்டலோடு ஏரி முழுவதும் தேடினார்கள். பெரிய விலங்கு ஏதும் அகப்படவில்லை.

கேள்வி: தண்ணீரை எடுத்து டிஎன்ஏ பார்த்தாலே என்ன விலங்கு என்று தெரிந்துவிடுமாமே? எப்படிச் செய்கிறார்கள்?

பதில்: நீரில் வாழும் எதுவும் தோல், சளி, கழிவு வழியாக டிஎன்ஏவை உதிர்த்துக்கொண்டே இருக்கிறது. நியூஸிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நீல் கெம்மெல் குழு 2018இல் நெஸ் ஏரியில் சுமார் 250 மாதிரிகள் எடுத்தது. 50 கோடி டிஎன்ஏ வரிசைகளைப் படித்தது. 2019 செப்டம்பரில் முடிவு வந்தது: ஊர்வன இனத்தின் தடம் இல்லை, சுறா இல்லை, ஸ்டர்ஜன் மீன் இல்லை. எடுத்த இடமெல்லாம் விலாங்கு மீன் இருந்தது. இதைத்தான் ‘நெஸ்ஸி ராட்சத விலாங்கு’ என்று தலைப்பிட்டார்கள். டிஎன்ஏ இனத்தைச் சொல்லும், உடலின் நீளத்தைச் சொல்லாது. ஆயிரம் சிறு விலாங்குகளும் ஒரு பெரிய விலாங்கும் அதற்கு ஒன்றுதான். ஐரோப்பிய விலாங்கு ஒரு மீட்டரைத் தாண்டுவதே அபூர்வம்.

செய்முறை எளிது, கெடுவது அதைவிட எளிது. மாதிரிக் குடுவைகளை 10 சதவீத பிளீச் கரைசலில் பத்து நிமிடம் ஊறவைத்து, சுத்த நீரில் நன்றாக அலச வேண்டும். பிளீச் மிஞ்சினால் எடுக்கப்போகும் டிஎன்ஏவையும் அழித்துவிடும். இடத்துக்கு இடம் கையுறை மாற்ற வேண்டும். ஓரிடத்தில் 1 முதல் 2 லிட்டர் வீதம் மூன்று மாதிரிகள் எடுப்பது நல்லது. ஆழமான ஏரியில் மேல்நீர் மட்டும் போதாது. கோடையில் மேல்நீரும் அடிநீரும் கலப்பதில்லை என்பதால், கயிற்றில் இறக்கி, விரும்பிய ஆழத்தில் மூடிக்கொள்ளும் குடுவை வேண்டும். எடுத்த நீரைப் பனிக்கட்டியில் வைத்து, சில மணி நேரத்துக்குள் 0.45 மைக்ரான் வடிதாளில் வடிகட்ட வேண்டும். கலங்கல் நீரில் வடிதாள் அடைத்துக்கொள்ளும், அப்போது 1.2 மைக்ரானுக்குப் போகலாம், அல்லது ஒரு மாதிரிக்கு இரண்டு மூன்று தாள்களைப் பயன்படுத்தலாம். வடிதாளைத் தூய எத்தனாலில் இட்டோ மைனஸ் 20 டிகிரியில் உறைய வைத்தோ பாதுகாக்க வேண்டும்.

நெஸ் போன்ற ஏரிகளில் இன்னொரு தொல்லை உண்டு. சுற்றியுள்ள மக்கிய கரி நிலத்திலிருந்து கரைந்து வரும் ஹியூமிக் அமிலம் தண்ணீரைத் தேநீர் நிறமாக்குவதோடு, ஆய்வகத்தில் டிஎன்ஏவைப் பெருக்கும் நொதியையும் முடக்கிவிடும். ஒன்றுமே வரவில்லை என்றால் ஏரி காலி என்று முடிவுகட்டாமல், டிஎன்ஏ கரைசலைப் பத்து மடங்கு நீர்த்து மீண்டும் ஓட்டிப் பார்க்க வேண்டும். நீர்த்த பிறகு பலன் அதிகமானால் தடை அமிலத்தால் வந்தது.

தினமும் குறைந்தது ஒரு குடுவையில் சுத்த நீரை நிரப்பி, மற்ற மாதிரிகளோடு சேர்த்தே வடிகட்ட வேண்டும். அந்தக் குடுவையிலும் ஆடு, மாடு வந்தால் மாசு நம் கையிலிருந்து வந்தது. வராவிட்டாலும், ஏரியில் பசுவின் டிஎன்ஏ இருப்பதால் ஏரியில் பசு வாழ்கிறது என்று ஆகாது. ஓடைகள் எல்லாவற்றையும் கொண்டுவந்து சேர்க்கும். எதனோடும் பொருந்தாத வரிசைகள் எல்லா ஆய்விலும் மிஞ்சும். அவை பெரும்பாலும் நுண்ணுயிர்கள். நமக்குத் தெரியாத ஊர்வன விலங்கு ஒன்று இருந்தால் அது ‘பொருந்தாதது’ என்று ஒளிந்துகொள்ளாது. ஆமைக்கும் முதலைக்கும் பறவைக்கும் அருகில் எங்கோ ஒரு புதுக் கிளையாக வந்து நிற்கும்.

கேள்வி: சீலாகாந்த் மீன் அழிந்துவிட்டது என்றார்கள், உயிரோடு கிடைத்தது. டைனோசார் காலத்தில் கடலில் வாழ்ந்த நீண்ட கழுத்து ஊர்வனவான ப்ளீசியோசார் மட்டும் ஏன் கூடாது?

பதில்: நல்ல வாதம், தவறான ஏரி. சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன்புவரை நெஸ் ஏரி இருக்கும் பள்ளத்தாக்கு பனிப்பாறையால் நிறைந்திருந்தது. ப்ளீசியோசார்கள் மறைந்து 6.6 கோடி ஆண்டுகள் ஆகின்றன. ஆகவே அது கடலில் அவ்வளவு காலம் எலும்பு விட்டுவைக்காமல் பிழைத்து, பிறகு ஆற்றுவழியாக ஏரிக்குள் புகுந்திருக்க வேண்டும்.

புகுந்தாலும் பசி விடாது. ஏரியில் உள்ள மீன்களின் மொத்த எடை சுமார் 20 டன் அளவில் மதிப்பிடப்பட்டுள்ளது. இரையின் எடையில் பத்தில் ஒரு பங்குதான் அதைத் தின்னும் விலங்குகளாக நிலைக்கும் என்ற பொது விதிப்படி 2 டன். தலைமுறை தலைமுறையாக இனம் தொடரக் குறைந்தது பத்து விலங்காவது வேண்டுமென்றால், ஒவ்வொன்றும் 200 கிலோதான் இருக்கலாம். மூச்சு இன்னொரு சிக்கல். பத்து விலங்குகள் அரை மணிக்கு ஒருமுறை தலையைத் தூக்கினால் நாளுக்கு 480 தடவை. இத்தனை கேமரா காவலிருக்கும் ஏரியில் அது ரகசியமாக இருக்க முடியாது.

சீலாகாந்த் கதை வேறு. 1938 டிசம்பரில் தென்னாப்பிரிக்காவின் ஈஸ்ட் லண்டன் துறைமுகத்தில், மீன்பிடிக் கப்பலின் குவியலில் அருங்காட்சியகக் காப்பாளர் மார்ஜோரி கோர்ட்னி-லாட்டிமர் அதை எடுத்தார். அகன்ற கடலின் ஆழப் பாறைகளில் வாழும் மீன் அது. கொமோரோ தீவுகளின் மீனவர்களுக்கோ அது முன்பே பழக்கமான மீன்.

கேள்வி: செத்த நெஸ்ஸியாவது ஏன் கரை ஒதுங்கவில்லை?

பதில்: இந்த ஒரு வாதத்தில் நம்புகிறவர்கள் பக்கமும் நியாயம் உண்டு. அடிநீர் வருடம் முழுதும் 5, 6 டிகிரி. 200 மீட்டரில் அழுத்தம் மேற்பரப்பைப் போல் ஏறத்தாழ 21 மடங்கு. அழுகல் மெதுவாக நடக்கும், வாயுவும் நசுங்கும். உடல் மிதக்காமல் போகலாம். ஆனால் அடித்தளத்தையும் பார்த்திருக்கிறார்கள். 1940 கடைசி நாளில் ஏரியில் இறங்கி மூழ்கிய வெலிங்டன் குண்டுவீச்சு விமானம் அகப்பட்டு, 1985இல் மேலே தூக்கப்பட்டது. 2016இல் நீருக்கடியில் ஓடும் தானியங்கிக் கருவி 9 மீட்டர் நீள நெஸ்ஸியையே படம்பிடித்தது. 1969இல் ஒரு திரைப்படத்துக்காகச் செய்து, படப்பிடிப்பில் மூழ்கிய பொம்மை அது.

கேள்வி: மற்ற ஏரிகளிலும் பூதங்கள் உண்டாமே?

பதில்: ஏராளம். கனடாவின் ஒகனகன் ஏரியில் ஓகோபோகோ. அது அங்குள்ள சில்க்ஸ் பூர்வகுடிகளுக்குப் புனிதமான நீர்த்தெய்வம், பிறர்தான் விலங்காக்கினார்கள். ஸ்வீடனின் ஸ்டோர்ஷான் ஏரிப் பூதத்துக்கு 1986இல் அரசுப் பாதுகாப்பே கொடுத்தார்கள், 2005இல் விலக்கிக்கொண்டார்கள். துருக்கியின் வான் ஏரி கடும் காரநீர். அதில் பிழைப்பது ஏறத்தாழ ஒரே இனச் சிறுமீன், அதுவும் முட்டையிட ஆற்றுக்குப் போகிறது. அங்கே ராட்சத விலங்கு எதைத் தின்னும்? காங்கோவின் டெலே ஏரிக்கு ஆழமே சில மீட்டர்தான்.

கேள்வி: அப்படியானால் புதிய பெரிய விலங்குகளை உண்மையில் எங்கேதான் கண்டுபிடிக்கிறார்கள்?

பதில்: வேட்டைக்காரர் வீட்டுச் சுவரிலும், சந்தையிலும், வலையிலும். 1992இல் வியட்நாமின் வூ குவாங் காட்டில் கணக்கெடுக்கப் போனவர்கள், வீடுகளில் மாட்டியிருந்த நீண்ட நேரான கொம்புகளைப் பார்த்தார்கள். அதுதான் சாவோலா, மாட்டினத்தைச் சேர்ந்த பெரிய விலங்கு. லாவோஸில் இறைச்சிச் சந்தையில் கிடந்த பாறை எலியை 2005இல் புதிய இனமாக விவரித்தார்கள். மறு ஆண்டே அது 1.1 கோடி ஆண்டுகளுக்கு முன் அழிந்ததாகக் கருதப்பட்ட குடும்பத்தைச் சேர்ந்தது என்று தெரிந்தது. உள்ளூரார் அதை உண்டுகொண்டிருந்தார்கள். 1976இல் ஹவாய் அருகே அமெரிக்கக் கடற்படைக் கப்பலின் மிதவை நங்கூரத்தில் சிக்கியது சுமார் 4.5 மீட்டர் நீளமுள்ள பெருவாய்ச் சுறா. அப்படி ஒன்று இருப்பதாக அதுவரை யாரும் வதந்திகூடச் சொன்னதில்லை.

அதனால் களத்துக்குப் போகிறவர் முதலில் கேட்க வேண்டியது ‘பூதம் பார்த்தீர்களா’ என்பதை அல்ல. இங்கே என்னென்ன வேட்டையாடுகிறீர்கள், எதை எப்படிச் சமைப்பீர்கள், எதன் தோல் எதற்கு ஆகும் என்று கேட்க வேண்டும். படப் புத்தகத்தைக் காட்டி ‘இதுவா’ என்று கேட்பது கூடவே கூடாது; மரியாதைக்காகவே ஆமாம் என்பார்கள். படம் காட்டித்தான் ஆக வேண்டும் என்றால், அந்தப் பகுதியில் இல்லவே இல்லாத விலங்கின் படங்களையும் கலந்து வையுங்கள். அதற்கும் தலையாட்டினால் மற்ற பதில்களின் எடை தெரிந்துவிடும்.

அடுத்தது தானியங்கிக் கேமரா. விலங்குத் தடத்திலிருந்து 3 முதல் 4 மீட்டர் தள்ளி, தரையிலிருந்து 40 முதல் 50 செ.மீ. உயரத்தில், தடத்துக்குச் சற்றுச் சாய்வாகக் கட்டுங்கள். நேர்குறுக்காக வைத்தால் வேகமாகக் கடக்கும் விலங்கின் வால் மட்டும் விழும். சென்சார் உணர்வது பின்னணியோடு ஒப்பிட்ட வெப்ப வித்தியாசத்தை. எனவே கடும் வெயிலில் நிலமும் உடலும் ஒரே சூடாகும்போது அது குருடாகும். முன்னால் ஆடும் புல் சூடேறினால் ஆயிரம் வெற்றுப் படம் எடுக்கும். கிழக்கு மேற்காகத் திருப்பாதீர்கள், முன் உள்ள புல்லை வெட்டுங்கள், பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுங்கள். இவ்வளவு செய்தும் சாவோலா கடைசியாகக் கேமராவில் விழுந்தது 2013இல். இப்போது அதே மலைகளில் அட்டைகளைச் சேகரித்து, அவை குடித்த இரத்தத்தில் டிஎன்ஏ தேடுகிறார்கள்.

கேள்வி: படம் மட்டும் வைத்துக்கொண்டு புதிய இனம் என்று பெயர் சூட்ட முடியுமா?

பதில்: 1975இல் நெஸ்ஸிக்கே சூட்டினார்கள். ராபர்ட் ரைன்ஸ் நீருக்கடியில் எடுத்த, துடுப்புபோல் தெரிந்த படங்களை வைத்து, அவரும் இயற்கையியலாளர் பீட்டர் ஸ்காட்டும் ‘நெஸ்ஸிடெராஸ் ராம்பாப்டெரிக்ஸ்’ என்று ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். அந்தத் துடுப்பு, கணினியில் படத்தைத் தெளிவாக்கிய பிறகு வந்தது. மூலப் படத்தில் கலங்கல்தான் அதிகம். விதிப்படி ஒரு மாதிரி உயிரைக் குறிப்பிட வேண்டும், அது அருங்காட்சியகத்தில் இருப்பதே முறை. விதிவிலக்குகள் உண்டு. 2006இல் அருணாசலப் பிரதேசத்தில் ரமணா ஆத்ரேயா விவரித்த புகுன் லியோசிக்லா பறவையின் எண்ணிக்கை மிகக் குறைவு என்பதால், பிடித்து அளந்து, படமெடுத்து, உதிர்ந்த இறகுகளை வைத்துக்கொண்டு பறக்கவிட்டார். தொட்டு அளந்த பறவைக்கும் கலங்கல் படத்துக்கும் உள்ள தூரத்தைக் கவனியுங்கள்.

கேள்வி: விநோதமான உடலோ முடியோ கிடைத்தால் எப்படிப் பாதுகாப்பது?

பதில்: வனத்துறைக்குச் சொல்லாமல் எடுக்காதீர்கள், பல நாடுகளில் காட்டுயிரின் எந்தப் பாகத்தை வைத்திருப்பதும் குற்றம். அனுமதி கிடைத்தால், முடியை வேரோடு இடுக்கியால் எடுத்துக் காகித உறையில் உலர வையுங்கள்; பிளாஸ்டிக் பையில் ஈரம் தேங்கிப் பூஞ்சை பிடிக்கும். 2017இல் ‘எட்டி’ பனிமனிதனுடையவை என்று பாதுகாத்த எலும்பு, தோல், முடி முதலிய ஒன்பது மாதிரிகளைச் சோதித்தபோது எட்டு கரடி, ஒன்று நாய் என்று கண்டார்கள். அவ்வளவு துல்லியமாகச் சொல்ல முடிந்தது டிஎன்ஏ மிஞ்சியிருந்ததால்தான். சதைத் துண்டு என்றால் அரை செ.மீ. கனத்துக்கு மேல் வேண்டாம். 95 சதவீத எத்தனாலில், சதையைப் போல் பத்து மடங்கு அளவில் அமிழ்த்தி, மறுநாள் ஒருமுறை எத்தனாலை மாற்றுங்கள். ஃபார்மலினில் போடாதீர்கள், உருவம் நிற்கும், டிஎன்ஏ சிதையும்.

முழு உடலை அகற்ற முடியாவிட்டால் அளவுகோல் வைத்துப் படம், பல் அல்லது தாடை, துடுப்பின் நார், ஒரு முதுகெலும்பு ஆகியவை போதும். 1977இல் நியூஸிலாந்து அருகே ஜப்பானிய மீன்பிடிக் கப்பல் ஸுய்யோ மாருவின் வலையில் சுமார் 10 மீட்டர் நீள அழுகிய உடல் வந்தது. நீண்ட கழுத்து, சின்னத் தலை, நாலு துடுப்பு. அச்சு அசல் ப்ளீசியோசார். பிடித்த மீன் கெட்டுவிடும் என்று உடலைக் கடலில் தள்ளினார்கள். ஆனால் தள்ளுமுன் படமெடுத்து, அளந்து, துடுப்பிலிருந்து நார்களை அறுத்து வைத்தார் கப்பலில் இருந்த ஒருவர். அந்த நாரின் அமினோ அமிலங்கள் பேஸ்கிங் சுறாவோடு பொருந்தின. அந்தச் சுறா அழுகும்போது முதலில் தாடையும் செவுள்களும் கழன்று விழும்; எஞ்சுவது சிறு மண்டையும் முதுகெலும்பும், அதாவது ‘நீண்ட கழுத்து’.